பிரேமலதாவும் பூ வைத்த பெட்டியும்

ஒரு நாளைக்கு முப்பது இடத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறவள் பிரேமலதா. எங்கேயும் செருப்பைக் கழற்றியதில்லை, எங்கேயும் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்ததில்லை. காலை ஒன்பது மணிக்குக் கர்னூலில் ஒரு உரக்கடை, ஒன்பதே காலுக்கு நெல்லூரில் ஒரு மருந்துக்கடை, பத்து மணிக்கு மதனப்பள்ளி தக்காளி மண்டி. ஆள் மட்டும் பங்காருபாளையத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டாள். மாம்பழ மண்டிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, ஜன்னலோரம் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு லேப்டாப், காதில் மாட்டிய போன். அங்கே உட்கார்ந்தபடியே அந்தந்த ஊர்க் கம்ப்யூட்டருக்குள் இறங்கி, கோளாறானதைச் சரி செய்து, வந்த வழியே திரும்பிவிடுவாள். இதற்கு ரிமோட் என்று பெயர். அவள் அம்மா ரத்னம்மா இதைக் கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தை என்று தெருவெல்லாம் சொல்லி வைத்ததில், காணாமல் போன எருமை எங்கே என்று கேட்டு இரண்டு பேர் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றதும் உண்டு.

பங்காருபாளையத்து ஈக்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த வேலையின் கஷ்டம் விளங்காது. சீசனில் ஒரு ஈயைப் பிடித்துத் தராசில் வைத்தால் முள் ஆடும். அப்படிப்பட்ட ஈ ஒன்று திரையில் வந்து உட்கார்ந்தால் எது ஈ, எது அம்புக்குறி என்று தெரியாது. ஒருமுறை நெல்லூர் மருந்துக்கடைக்காரர், "ஏம்மா, அம்பு நகரவே காணோமே" என்று கேட்ட பிறகுதான், பத்து நிமிஷமாகத் தான் மல்லுக்கட்டியது ஈயோடு என்று அவளுக்குப் புரிந்தது. ஈ அதற்கும் அசையவில்லை. பெங்களூரா மாம்பழம் தின்ற மப்பு அப்படி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரேமலதாவும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள். அவர்கள் திரையில் தெரிகிற நம்பரைக் கேட்பாள், அதை அடித்து நுழைவாள், சரி செய்வாள். மதனப்பள்ளி மண்டியில்தான் பாடம் கிடைத்தது. அங்கே கணக்குப்பிள்ளை நாராயணசாமி டீ குடிக்க எழுந்து போய்த் திரும்பி வந்து பார்த்தால், திரையில் அம்பு தானாக ஓடுகிறது, கட்டம் தானாகத் திறக்கிறது. நாராயணசாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு தக்காளிக் கூடைகளைத் தாண்டி ஓடியதை இன்றும் மண்டியில் நடித்துக் காட்டுவார்கள். மறுநாள் கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். அதிலிருந்து பிரேமலதா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எந்தக் கம்ப்யூட்டருக்குள் போவதானாலும் முதலில், "உள்ள வரலாமா?" என்று கேட்பாள். அவர்கள் வரச் சொன்ன பிறகுதான் நுழைவாள். நுழைந்ததும் ஒரு வெள்ளைக் கட்டத்தைத் திறந்து, 'நான்தான் பிரேமலதா, அம்பு நகர்ந்தா பயப்படாதீங்க, நீங்க மவுஸ்லேருந்து கையை எடுத்துடுங்க' என்று அவரவர் மொழியில் எழுதுவாள். கையை எடுக்கச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் அவள் இந்தப் பக்கம் இழுக்க, அவர்கள் அந்தப் பக்கம் இழுக்க, அம்பு நடுவில் கிடந்து தவிக்கும்.

இன்னொரு பாடமும் கற்றுக்கொண்டாள். உரக்கடைக்காரர் ஒரு நாள் பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், உள்ளே விடமாட்டேன் என்கிறது என்று போனில் சத்தியம் செய்தார். சரியாக அடிச்சீங்களா என்று மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் ஆமாம் என்றார், மூன்றாவது முறை கோபமாகவே. பிறகு அதையே வெள்ளைக் கட்டத்தில் அடித்து என்ன தெரிகிறது என்று படிக்கச் சொன்னாள். அவர் படித்தார்: வரிசையாகத் தெலுங்கு எழுத்து. முந்தின நாள் கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டுக் கீபோர்டைத் தெலுங்கிலேயே விட்டிருக்கிறார். பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளி புள்ளியாகத்தானே தெரியும், புள்ளிக்கு ஏது மொழி. அன்றைக்கு முடிவு செய்தாள், செஞ்சீங்களா என்று யாரையும் கேட்பதில்லை. என்ன தெரியுது என்றுதான் கேட்பது. திரை கறுப்பாக இருந்தால் மெஷின் தூங்குகிறதா என்று கேட்க மாட்டாள். பெட்டிமேல் விளக்கு என்ன நிறத்தில் எரியுது என்பாள். மனிதர்கள் தாங்கள் செய்ததைப் பற்றிக் கேட்டால் தற்காப்புக்குப் போய்விடுவார்கள், பார்த்ததைப் பற்றிக் கேட்டால் சாட்சி சொல்ல வந்துவிடுவார்கள்.

அவள் நைனா துலுக்காணம் அடுத்தவர் தோப்பில் மாங்கூடை சுமந்தவர். பிறகு இரண்டு ஏக்கர் பட்டா கிடைத்து, அதில் கிணறு வெட்டி, வரிசையாகப் பெங்களூரா கன்று நட்டார். மகள் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்து, வீட்டில் தமிழ் பேசி, சித்தூர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கினாள். அந்தக் காலத்தில் சித்தூரில் பெட்டிக்கடை எண்ணிக்கையைக் கம்ப்யூட்டர் சென்டர் எண்ணிக்கை தாண்டிவிட்டது. படித்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெங்களூர் பஸ் போகும்போது சாய்ந்துகொண்டே போகும், அவ்வளவு சர்டிபிகேட் கனம். பிரேமலதாவும் இரண்டாயிரத்தில் அதே பஸ்ஸில்தான் போனாள்.

பதினோரு வருஷம் பெங்களூரில். நடுவில் பாலையாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். பாலையா மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவன். அவன் கை பட்ட குச்சி நூற்றுக்குத் தொண்ணூறு துளிர்க்கும், மீதிப் பத்தும் யோசித்துக்கொண்டிருக்கும். மனைவிக்காகப் பெங்களூர் போய் ஒரு அடுக்குமாடி வாசலில் காவலுக்கு நின்று பார்த்தான். பதினோரு மாசத்தில் அங்கிருந்த தொட்டிச் செடிகளுக்கெல்லாம் ஒட்டுக் கட்டிவிட்டான் என்று புகார் வந்து ஊருக்கே திரும்பிவிட்டான். பிறந்த மகள் செல்வியும் அம்மாயி ரத்னம்மாவிடம் வளர்ந்தாள். பிரேமலதா லேடீஸ் ஹாஸ்டலில் இருந்துகொண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து போனாள். ஒரு தடவை வந்தபோது செல்வி, அம்மா எப்போ வருவா என்று அவளிடமே கேட்டாள். பிரேமலதா அன்று பெங்களூர் திரும்பியதும் நேரே கம்பெனி மேனேஜர் கிரண்குமாரின் அறைக்குப் போனாள்.

அவள் சொன்னது நியாயம்தான். நான் பெங்களூரில் இருக்கிறேன், கெட்டுப்போன மெஷின் நெல்லூரில் இருக்கிறது. நான் பங்காருபாளையத்தில் இருந்தாலும் அது நெல்லூரில்தான் இருக்கப்போகிறது. இடையில் யாருக்கு என்ன நஷ்டம்? கிரண்குமார் மூன்று நாள் யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். தொண்ணூறு நாள் பார்க்கலாம். இந்தத் தொண்ணூறு நாளில் உன் பொறுப்பில் இருக்கும் ஒரு இடத்துக்காவது நேரில் ஆள் அனுப்ப வேண்டிவந்தால், அடுத்த திங்கட்கிழமை நீ பெங்களூரில் இருக்க வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஜூலையில் வந்து சேர்ந்தாள். முதல் வாரத்தில் பின்கட்டுச் சேவல் போனில் கேட்டுவிட்டது. வாடிக்கையாளர்கள் அவள் பெங்களூரில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தார்கள் என்பதால், அது என் ரிங்டோன் என்று கர்னூல் உரக்கடைக்காரரிடம் சமாளித்தாள். இரண்டாம் வாரத்தில் கன்றுக்குட்டி கேட்டது. அதுவும் ரிங்டோன்தான். மூன்றாம் வாரம் உரக்கடைக்காரர் எனக்கும் அந்தக் கன்றுக்குட்டியை அனுப்பு என்று கேட்டு, பாலையா தொழுவத்தில் போனை நீட்டிப் பதிவு செய்து கொடுத்தான். நாளொன்றுக்கு ஒரு கோடு என்று காலண்டரில் செல்வி கிறுக்கிக்கொண்டு வந்தாள். எண்பத்தேழு கோடு ஆனது. ஒரு இடத்துக்கும் ஆள் போகவில்லை.

எண்பத்தெட்டாவது நாள் ஆயுத பூஜை.

மற்ற கடைகள் மூடியிருக்கும், போன் வராது என்றுதான் பிரேமலதா நினைத்திருந்தாள். பாலையா ஒட்டுக் கத்தி, மண்வெட்டி, மோட்டார் பைக் எல்லாவற்றையும் கழுவி வரிசை வைத்துச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தான். பத்து நாற்பதுக்குத் திருப்பதியிலிருந்து போன் வந்தது.

அது கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின் தெருவில் இருக்கும் ஒரு யாத்ரீகர் சத்திரம். அதை நிர்வகிப்பவர் பாஷ்யம், கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அறை ஒதுக்குவது அவருடைய மருமகள் வஸுமதி. சத்திரத்தில் நாலு கம்ப்யூட்டர். எந்த அறை யாருக்கு என்கிற பதிவு ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும், மற்ற மூன்றும் அதைப் பார்த்துத்தான் அறை கொடுக்கும். அன்றைக்குத் திருமலையில் பிரம்மோற்சவம். ஊரில் ஊசி விழ இடமில்லை. விழுந்தாலும் அதன்மேல் ஒரு யாத்ரீகர் உட்கார்ந்திருப்பார். சத்திரத்துக் கூடத்தில் அறுபது குடும்பம், மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாகக் காத்திருக்கிறது. ஒன்பதரையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேசவில்லை. இன்டர்நெட்டும் இல்லை.

இன்டர்நெட் இல்லையென்றால் பிரேமலதா உள்ளே போக முடியாது. இந்த வேலையில் இதுதான் பெரிய கஷ்டம். வீட்டுக்குள் போகிற வழியே இடிந்து கிடக்கும்போது, வீட்டுக்குள் என்ன கோளாறு என்று தெருக்கோடியில் நின்று சொல்ல வேண்டும்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். நாலு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போடச் சொன்னாள், போட்டார்கள். மோடத்தில் விளக்கு என்ன நிறம் என்றாள், பச்சை. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் ஒயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். நாலிலும் இருந்தது. பிறகு தன் வழக்கத்தை மீறி, அவசரத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள்: காலையில் யாராவது எதையாவது தொட்டீர்களா?

"நாங்க ஒண்ணையும் தொடவே இல்லை, பிரேமலதா" என்றாள் வஸுமதி. "நேத்து சாயந்திரம் வரைக்கும் நன்னா இருந்தது."

உலகத்தில் கெட்டுப்போன எல்லா மெஷினுக்குப் பக்கத்திலும் நின்று சொல்லப்பட்ட வாக்கியம் அது.

பதினோரு மணிக்குக் கிரண்குமார் கூப்பிட்டார். சத்திரத்துத் தர்மகர்த்தா ஒருவர் நேராக அவருக்கே போன் போட்டுவிட்டாராம். மனுஷர் கத்தவில்லை. பன்னிரண்டு மணி வரை பார், அதற்குள் ஆகாவிட்டால் திருப்பதியிலேயே ஒரு ஆள் இருக்கிறான், அனுப்பிவிடுகிறேன், வேறு வழியில்லை என்றார். நிபந்தனை பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிரேமலதா காலண்டரில் செல்வி போட்ட கோடுகளை எண்ணினாள்.

பாலையா சந்தனக் கையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பைக்கை எடுக்கிறேன், பாகாலா வழியாக விட்டால் பன்னிரண்டுக்குள் போய்விடலாம், நீயே போய்ப் பார்த்துட்டு வந்துடு, யாருக்குத் தெரியும் என்றான். அந்த பைக் இறக்கத்தில் மட்டும்தான் வேகமாகப் போகும். திருப்பதி வரை இறக்கமாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் போகாது. அது தெரிந்துதான் அவனும் சொன்னான்.

"நீ ஒண்ணும் பண்ணாத, அங்கியே நில்லு. எனக்குத் தைரியமா இருக்குது" என்றாள் பிரேமலதா.

அவன் நின்றான். சும்மா நிற்கத் தெரியாதவன் என்பதால், கையில் மிச்சமிருந்த சந்தனத்தையும் ஒரு துளிக் குங்குமத்தையும் அவள் லேப்டாப்பின் மூடிமேல் ஓரமாக வைத்தான். இன்று உன் மெஷினுக்கும்தானே பூஜை, வேலை செய்கிறதே என்று விட்டுவிடுவதா என்றான்.

பிரேமலதா அந்தப் பொட்டைப் பார்த்தாள். திருப்பதிக்குப் போன் போட்டாள்.

"வஸுமதியம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆபீஸ்ல இன்னிக்குப் பூ எங்கெங்க வெச்சிருக்கீங்க?"

வஸுமதிக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. சந்தோஷமாகவே சொன்னாள். நாலு கம்ப்யூட்டருக்கும் இந்த வருஷம் பூ வைக்கவில்லை. பூஜையில் வைத்தால் மறுநாள் காலை புனர்பூஜை ஆகும்வரை அதைத் தொடக் கூடாது. பிரம்மோற்சவக் கூட்டத்தில் கம்ப்யூட்டரைத் தொடாமல் எப்படி அறை கொடுப்பது? போன வருஷம் இதே சங்கடத்தில் ஒன்றை மட்டும் பூஜையில் வைத்து, மூன்றை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். அதனால் இந்த வருஷம் மாமனார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நாலு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒயர் வந்து சேருகிற ஒரு பெட்டி சுவரில் மாட்டியிருக்கிறது அல்லவா, ஹப் என்கிறார்களே, நாலுக்கும் பிராணன் அதன் வழியாகத்தானே போகிறது? அதற்குப் பண்ணினால் நாலுக்கும் பண்ணினாற்போல. ஆகவே அந்தப் பெட்டியை மட்டும் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஹயக்ரீவர் படத்தின் கீழே வைத்து, பூச்சரம் சார்த்தி, ஒயரெல்லாம் பழையபடி மாட்டிப் பூஜை முடித்தாயிற்று.

"பார்க்க அவ்வளவு அழகா இருக்கு, பிரேமலதா. நீ இங்கே இருந்தா சேவிச்சிருப்பே."

பிரேமலதா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பெட்டியில லைட்டெல்லாம் எப்படி எரியுது?"

"மாடவீதியில சீரியல் செட் போட்டிருக்காளே, அதே மாதிரி. எல்லாம் சேர்ந்தாப்பல, படபடபடன்னு. நான்கூட, பூஜை பண்ணினதுல பெட்டிக்கே களை வந்துடுத்துன்னு நினைச்சேன்."

கிட்டே போய்த் தொடாமல், பெட்டியில் எத்தனை ஒயர் சொருகியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லச் சொன்னாள் பிரேமலதா. வஸுமதி எண்ணினாள். ஏழு என்றாள். இன்னொரு முறை எண்ணினாள். ஏழுதான்.

நாலு கம்ப்யூட்டருக்கு நாலு. மோடத்துக்கு ஒன்று. ஐந்து போக இரண்டு மிச்சம். அந்த இரண்டும் எங்கே போகிறது என்று ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்து பார்க்கச் சொன்னாள். வஸுமதி பார்த்துக்கொண்டே போனாள். நீல ஒயர், பெட்டியிலிருந்து புறப்படுகிறது, படத்தைச் சுற்றி அழகாக வளைகிறது, மறுபடியும் பெட்டிக்கே வந்து இன்னொரு ஓட்டைக்குள் போய்விடுகிறது.

அதுதான் வியாதி. பழைய ஐந்தாவது கம்ப்யூட்டருக்குப் போன ஒயர் அது. கம்ப்யூட்டர் போன பிறகு ஒரு முனை பெட்டியிலேயே இருந்தது, இன்னொரு முனை சும்மா தொங்கியது. தொங்குகிற வரை தோஷமில்லை. அந்த முனையையும் அதே பெட்டியில் சொருகினால், பெட்டி தான் சொன்ன சேதியைத் தானே கேட்டு, யாரோ புதிதாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து மறுபடி சொல்லி, அதையும் கேட்டு, அதையும் சொல்லி, வேறு ஒருவர் பேச்சும் காதில் ஏறாதபடி சுற்றிக்கொண்டே இருக்கும்.

மணி பதினொன்று இருபத்தைந்து. அந்த நீல ஒயரின் ஒரு முனையைப் பிடுங்கினால் போதும், ஒரே இழு, வேலை முடிந்தது என்றாள் பிரேமலதா. வஸுமதி, அது முடியாதே என்றாள். பெட்டி பூஜையில் இருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குப் புனர்பூஜை. மாமனார் சொல்லாமல் அவள் தொட மாட்டாள். மாமனார் குளித்து மடியாக, ஆசாரத்தோடு இருக்கிறார், போனைத் தொட மாட்டார். வேண்டுமானால் சத்தமாக வைத்துக் கொஞ்சம் தள்ளி நீட்டுகிறேன், நீயே பேசு.

பாஷ்யத்தின் குரல் கூடத்தின் மறுகோடியிலிருந்து வருவது போல வந்தது. பின்னால் அறுபது குடும்பத்தின் குழந்தைகளும் அழுதுகொண்டிருந்தன. விஷயத்தை ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நாற்பது வருஷமாக அவர் பூஜையில் வைத்ததைப் புனர்பூஜைக்கு முன்னால் எடுத்ததில்லை என்றார். பஞ்சாங்கத்தை வைத்துவிட்டு நாள் பார்க்க அடுத்த தெருவுக்குப் போனதுண்டு. மூக்குக் கண்ணாடியைத் தவறுதலாகப் புத்தகத்தோடு வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்ததும் உண்டு. இது உபகரணங்களுக்கு ஓய்வு நாள். ஓய்வு கொடுத்ததை எழுப்பக் கூடாது.

ஓய்வு என்ற சொல்லைப் பிரேமலதா பிடித்துக்கொண்டாள்.

"சாமி, கோச்சுக்காதீங்க. அந்தப் பெட்டி ஓய்வுல இல்ல. காலைல நீங்க பூஜை முடிச்ச நிமிஷத்துலேருந்து அது ஒரு நொடிகூட நிக்கல. ஓடிக்கினே கீது."

"என்ன சொல்றே நீ?"

"அந்த நீல ஒயரு அதைச் செக்குல கட்டின மாதிரி கட்டி வெச்சிருக்குது. ஊர்ல இருக்கிற கத்தி, கடப்பாரை, லாரி எல்லாம் இன்னிக்குச் சும்மா இருக்குது. எங்க வீட்டுக்காரரோட மண்வெட்டிகூடப் படுத்துத் தூங்குது. பூ வெச்ச உங்க பெட்டி ஒண்ணுதான் சாமி, நொடிக்குப் பத்தாயிரம் தபா சுத்துது. தொட்டுப் பார்த்தா ஜுரம் அடிக்கும்."

பத்தாயிரம் என்பது அவள் வாயில் வந்த கணக்கு. உண்மைக் கணக்கு அதற்கு மேலேயே இருக்கும் என்பதால் பொய் என்று சொல்ல முடியாது.

பதினொன்று முப்பத்தாறு. பாலையா வாசலில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான்.

"ஒயரை எடுத்தா அப்புறம் அது ஓய்வா இருக்குமோ?" என்று கேட்டார் பாஷ்யம்.

ஆமாம் என்று சொன்னால் அந்த நிமிஷமே எடுத்துவிடுவார். பிரேமலதாவின் நாக்கு நுனிவரை அந்த ஆமாம் வந்தது. எண்பத்தெட்டு கோடு போட்ட காலண்டர் எதிர்ச் சுவரில் தொங்கியது.

"இருக்காது சாமி" என்றாள். "சுத்தறது நிக்கும். ஆனா நாலு கம்ப்யூட்டருக்கும் சேதி சொல்ற வேலை செய்யும். அதை மறைக்கமாட்டேன்."

பாஷ்யம் ஒரு தினுசாகச் சிரித்தார்.

"பெருமாள் மட்டும் இன்னிக்கு ஓய்விலா இருக்கார்? காலையில ஒரு வாகனம், சாயந்திரம் ஒரு வாகனம், நாலு வீதியும் சுத்தறார். கைங்கர்யம் பண்றவனெல்லாம் கால் வலின்னு உக்காரலாம், அவர் உக்காரப்படாது."

"அவர் சுத்தறது ஜனத்தைப் பார்க்கறதுக்கு சாமி. இது தனக்குத் தானே சுத்திக்கினு கீது."

"அது வாஸ்தவம்" என்றார் பாஷ்யம். "வஸுமதி, நீ நகரு. சொருகினவன்தான் எடுக்கணும்."

அப்போதுதான் தெரிந்தது. அந்த முனையைச் சொருகியவர் அவரேதான். பூச்சரம் சார்த்தும்போது நீல ஒயர் ஒன்று நடுவில் தொங்கிக்கொண்டு அவலட்சணமாக இருந்ததாம். பெட்டியில் இரண்டு ஓட்டை காலியாக இருக்கிறது, ஒயருக்கோ போக்கிடமில்லை. அதனதன் இடத்தில் அதது சேரட்டும் என்று சொருகிவிட்டார். வஸுமதி ஒன்றையும் தொடவில்லை என்று சொன்னது அவள் வரையில் நிஜம்தான்.

அவர் பெட்டியின் முன்னால் தரையில் விழுந்து சேவித்தார். அபராதத்தைப் பொறுக்கச் சொல்லி ஏதோ ஸ்லோகம் சொன்னார். பிறகு எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று பிரேமலதாவைக் கேட்டார். முனையில் சின்ன நாக்கு மாதிரி ஒன்று இருக்கும், அதை அமுக்கிக்கொண்டு இழுங்கள் என்றாள். அமுக்காமல் இழுத்தார், வரவில்லை. அமுக்கி இழுத்தார், வந்தது. பூச்சரமும் கூடவே கொஞ்சம் வந்தது.

"லைட்டு எப்படி எரியுது?" என்றாள் பிரேமலதா.

"ஒண்ணொண்ணா எரியறது" என்றாள் வஸுமதி. "நிதானமா. கண் சிமிட்டறாப்பல."

வஸுமதி நம்பரைப் படித்தாள். ஒன்பது இலக்கம். பிரேமலதா அடித்தாள்.

"உள்ள வரலாமா சாமி?"

"வாம்மா, வா" என்றார் பாஷ்யம் தூரத்திலிருந்து.

திரை கறுப்பாக இருந்தது, பிறகு பட்டை பட்டையாக மேலிருந்து கீழே இறங்கியது. சத்திரத்து அறைப் பட்டியல் முழுசாக வந்து நின்றது. நாலு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் போய்ப் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். முதல் அறையை, அனந்தபுரத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்த குடும்பத்துக்கு வஸுமதி ஒதுக்கும்போது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. கூடத்திலிருந்து வந்த கோவிந்தா கோஷத்தில் பிரேமலதாவின் காதுபோன் எகிறிக் கீழே விழுந்தது. பங்காருபாளையத்து ஈ அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து பறந்ததாகப் பாலையா சொல்கிறான்.

எல்லாம் முடிந்த பிறகு பாஷ்யம் ஒரே ஒரு விஷயம் கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"கோளாறு என்னன்னு உங்க கம்பெனிக்கு எழுதுவியோ?"

"எழுதணுமே சாமி."

"என்னன்னு எழுதுவே?"

"'பெட்டி ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நிர்வாகி நிறுத்தி வைத்தார்.' அவ்ளோதான்."

"நிர்வாகி நிறுத்தி வைத்தார்" என்று பாஷ்யம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நன்றாக இருப்பது போலத்தான் பட்டது அவருக்கு. நீ பெங்களூரில் எந்தப் பக்கம் இருக்கிறாய், அடுத்த தரம் சேவிக்க வரும்போது சத்திரத்தில் உனக்கு ஒரு அறை என் பொறுப்பு என்றார். பிரேமலதா தான் இருப்பது பங்காருபாளையம் என்று முதல் முறையாக ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னாள். பாஷ்யம் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் மாவடு கிடைக்குமோ என்று கேட்டார்.

கிரண்குமார் அவள் எழுதியதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். உண்மையில் என்ன நடந்தது என்றார். அவள் சொன்னாள். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும், நீயே எழுது, எதற்கு வேண்டுமானாலும் பூ வைக்கட்டும், ஒயரை மட்டும் விட்டுவிடட்டும் என்று எழுது என்றார். அடுத்த வருஷம் என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாள். எண்பத்தொன்பதாவது நாளும் தொண்ணூறாவது நாளும் ஒரு சத்தமும் இல்லாமல் போயின. தொண்ணூற்றொன்றாம் நாள் காலை மின்னஞ்சலில் கடிதம் வந்தது. பணியிடம் என்கிற கட்டத்தில் பெங்களூர் என்பதை அடித்துவிட்டுப் பங்காருபாளையம் என்று போட்டிருந்தது. எழுத்துப் பிழையோடுதான், ஆனாலும் போட்டிருந்தது.

அன்று மத்தியானம் பெங்களூர் ஹாஸ்டலுக்குப் போன் செய்தாள். அங்கே அவளோடு ஒரே அறையில் இருந்த சிவசங்கரி எடுத்தாள். கட்டிலுக்கு அடியில் பிரேமலதாவின் தகரப் பெட்டி ஒன்று இன்னும் இருந்தது. திரும்பி வரவேண்டிவந்தால் இருக்கட்டும் என்று இரண்டு போர்வை, ஒரு ஸ்வெட்டர், வாளி, மக் எல்லாம் விட்டு வந்திருந்தாள்.

"அதையெல்லாம் நீயே எடுத்துக்கோ" என்றாள்.

"பூட்டியிருக்கே, சாவி?"

சாவி பிரேமலதாவின் மேஜை டிராயரில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். பின்கட்டில் செல்வி கன்றுக்குட்டிக்கு ஏதோ பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உடைச்சிடு" என்றாள் பிரேமலதா.